பச்சைக் குடை

படம் கருப்பு வெள்ளையாக இருந்தது.

மங்கையர்க்கரசி அதை முதலில் தியேட்டர்காரர்களின் கோளாறு என்றுதான் எடுத்துக்கொண்டாள். பழைய படங்களில் எழுத்துப் போடும்போது அப்படித்தான் இருக்கும், கதை தொடங்கியதும் கலர் வந்துவிடும் என்று காத்திருந்தாள். எழுத்து ஓடி முடிந்தது. ரயில் நிலையம் வந்தது, கதாநாயகன் பெட்டியோடு இறங்கினான், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினான். வானம் சாம்பல், பெட்டி சாம்பல், சிறுமியின் பாவாடையும் சாம்பல். அது ரோஸ் பாவாடை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அது ரோஸ்தான். வலது பக்கம் உட்கார்ந்திருந்த மகள் எழில் குனிந்து, "கலர் படம்னுதானேம்மா சொன்னே?" என்றாள். "கலர்தான்." "எதும்மா கலர்?" இடது பக்கத்திலிருந்து அண்ணன் தெய்வசிகாமணி, வாய் நிறைய பாப்கார்னோடு, "சும்மா இரு எழிலு, உங்கம்மாவுக்கு இப்பத்தான் கண்ணு ஆபரேஷன் ஆகியிருக்கு. கலரு பின்னாடி லாரியில வருதோ என்னமோ" என்றார். எழில் சிரித்தாள். மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை. மாலின் வாசலில் ஆள் உயர விளம்பரத் தட்டி வைத்திருந்தார்களே, அதில் எல்லாம் கலர்தானே என்று நினைத்தாள். தட்டியில் கலர் பூச யாராலும் முடியும் என்று உடனே இன்னொரு நினைப்பு வந்தது. ஆனால் படத்தில் கலர் இருந்தே ஆகவேண்டும்.

ஏனென்றால் அவள் இந்தப் படத்தைச் சும்மா பார்க்க வரவில்லை. இதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அண்ணனுக்குக் காட்ட வந்திருந்தாள். போன வாரம் தென்காசிப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து போன் வந்தது. சோமசுந்தரம்னு ஒருத்தர் இங்க இருக்கார்ம்மா, உங்க அப்பான்னு சொல்றார், படுக்கையாயிட்டார், வீட்டு ஆளுங்க யாராவது வந்து அழைச்சிட்டுப் போனா நல்லது, யோசிச்சு வைங்க, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கூப்பிடுறேன் என்றார் மேனேஜர். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது விருதுநகர் வீட்டிலிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு போன மனிதர் அவர். அம்மா செத்தபோதுகூட வரவில்லை. அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஆளு?" "நம்ம அப்பாண்ணே." "எனக்கு அப்படி யாரும் இல்ல. நீ கூட்டிட்டு வந்தா உன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்." சொன்னால் செய்வார். அண்ணன் இல்லாத தீபாவளியை அவள் நினைத்துப் பார்த்ததில்லை. ஆனாலும் பெற்றவரை எப்படி விட முடியும், அதுவும் அந்த ஒரு நாளைக் கொடுத்தவரை. அண்ணனுக்கு அவரிடம் அடிதான் கிடைத்தது, அம்மாவுக்குக் கிடைத்தது சொல்லி மாளாது. எனக்கு மட்டும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னை மட்டும் தனியாக இந்தப் படத்துக்குக் கூட்டிப்போனார், தரை டிக்கெட்டில் மடியில் உட்கார வைத்துக்கொண்டார், படம் முடியும்வரை காதில் கதை சொன்னார். அப்படிச் செய்த மனிதன் முழுக்கக் கெட்டவனாக இருக்க முடியுமா? இதை அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். அவள் இதைச் சொல்லத் தொடங்கினால் அண்ணன் எழுந்து வெளியே பீடி குடிக்கப் போய்விடுவார். காணாமல்போன நெகட்டிவ் எங்கேயோ கிடைத்து, கழுவித் துடைத்து மறுபடி திரையிடுகிறார்கள் என்று எழில் வந்து சொன்னபோது, கடவுளாகப் பார்த்து அனுப்பியது என்றே அவளுக்குத் தோன்றியது. நீ வந்து இந்தப் படத்தைப் பாருண்ணே, அப்புறம் சொல்லு. அண்ணன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டது அப்போதே கொஞ்சம் உறுத்தியது.

ஒத்துக்கொண்டவர் பழைய படமே பார்க்காதவர். ரிட்டையரான பஸ் கண்டக்டர், அறுபத்தாறு வயதிலும் புதுப் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி போகிறவர். பழைய படமா, அழுகாச்சி, இருமல், ஊஞ்சல் என்பார். எழிலும் அவரும் ஒரு கட்சி. எழில் தொடரையெல்லாம் போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவள். மங்கையர்க்கரசியின் கட்சியில் அவள் ஒருத்திதான். இப்ப எடுக்கிறதெல்லாம் படமாடி, யாரும் வாயத் திறந்து பேசறதில்ல, இருட்டுல மொறைச்சிக்கிட்டு நிக்கிறான், டம் டம்முனு அடிக்குது, என்ன ஆச்சுன்னு பக்கத்துல இருக்கிறவனைக் கேட்க வேண்டியிருக்கு. அந்தக் காலத்து வசனத்தைக் கேளு, கண்ணை மூடிக்கிட்டாலும் கதை புரியும். எத்தனை தடவை சொல்லியிருப்பாள் அந்த வார்த்தையை. கண்ணை மூடிக்கிட்டாலும் கதை புரியும். இப்போது திரையில் டீச்சரம்மா வரும் நேரம். அவளுக்குத் தெரியும், அடுத்து டக் டக்கென்று குளம்புச் சத்தம், செவலைக் குதிரை பூட்டிய வண்டி, அதிலிருந்து மஞ்சள் சேலையில் டீச்சரம்மா இறங்குவாள். டக் டக்கென்று சத்தம் வந்தது. அவள் உடம்பு நிமிர்ந்தது. திரையில் சிறுமி திண்டில் உட்கார்ந்து இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். குதிரை இல்லை. வண்டியே இல்லை. டீச்சரம்மா நடந்து வந்தாள், வெள்ளைச் சேலையில், மூக்கு கொஞ்சம் பெரிது, வயதும் கொஞ்சம் கூடுதல். யார் இவள்? வாயைத் திறந்தாள், "உங்க பொண்ணு இன்னைக்கும் பள்ளிக்கூடம் வரலையே." அதே குரல். தேன் தடவியதுபோல் லேசாக மூக்கால் பேசும் அதே குரல், முன்பின் தெரியாத ஒரு முகத்திலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் குரலில் வேறு யாரோ கதவைத் திறந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

மறந்திருப்பேன், ஏழு வயதில் பார்த்தது, என்று சொல்லிக்கொண்டாள். மறந்துபோனவள் வசனத்தை எப்படி மறக்கவில்லை? கதாநாயகன் வாயைத் திறக்கும் முன் அவள் உதடு அசைந்தது. "மழை நின்னா குடையை மடிச்சுடலாம் டீச்சரம்மா." திரையிலும் அதையே சொன்னான். "மனுஷங்களை அப்படி மடிச்சு வைக்க முடியுமா?" திரையிலும் அதே. முன் வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நெறைய தடவ பாத்திருக்கீங்க போலம்மா." "ஒரே தடவைங்க" என்றாள். சொல்லிவிட்டு அந்தச் சொல் தன் காதிலேயே திரும்பி விழுவதைக் கேட்டாள். ஒரே தடவை பார்த்தவளுக்கு எழுத்துப் பிசகாமல் வசனம் இருக்கிறது, ஒரு முகம்கூட நினைவில் சரியாக இல்லை. மாடிவீடு என்று நினைத்திருந்தது ஒற்றை அறை. கோட்டும் தொப்பியுமாக இருந்த டாக்டர் இங்கே வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மழைக் காட்சி வந்தது. டீச்சரம்மா தன் குடையைச் சிறுமிக்கு நீட்டினாள். பச்சைக் குடை, மரப்பிடி, பிடியில் கிளி மூக்கு. திரையில் ஆண்கள் பிடிக்கிற, கம்பி வளைந்த ஒரு கறுப்புக் குடை. அல்லது கறுப்பாகத் தெரிகிற எந்த நிறமோ. அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் காட்சி வந்தது. அதில் யாரும் பேசவில்லை. காசநோய் முற்றிய கதாநாயகன் மகளின் சட்டையைத் தரையில் விரிக்கிறான், செம்பில் நெருப்புத் துண்டுகளை அள்ளிப் போட்டுத் தேய்க்கிறான், இருமல் வரும்போது சட்டைமேல் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தூங்குகிற பிள்ளையின் தலையைத் தொடப் போய்த் தொடாமல் கையை எடுத்துக்கொள்கிறான். வசனமில்லை, பாட்டில்லை, வயலின்கூட இல்லை. நீண்டுகொண்டே போனது. அரங்கத்தில் பாப்கார்ன் மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. "செம்மம்மா" என்று எழில் மூச்சுக்குள் சொன்னாள். மங்கையர்க்கரசிக்கு அந்தக் காட்சி தெரியவே தெரியாது. அவளுடைய படத்தில் அது இல்லை. இதுவரை பார்த்ததிலேயே மிக நல்ல காட்சி அதுதான், அதில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை.

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். எழில் காபி வாங்கப் போனாள். அண்ணன் காலை நீட்டிக்கொண்டு, "ஏ மங்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? உன் படம்தானே ஓடுது" என்றார். "படம் மாறிப்போச்சுண்ணே." "படம் எப்படி மாறும்? அதுபாட்டுக்கு டப்பாவுக்குள்ள கெடந்திருக்கு." சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார், அங்கே பட்டுச்சேலை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "அந்த மேனேஜர் எப்பக் கூப்பிடுவாரு?" "சாயந்திரம்னார்." "என்ன சொல்லப்போறே?" "நீதான் சொல்லணும். படம் பாத்துட்டுச் சொல்றேன்னு வந்திருக்கே." "ம்" என்றார் அண்ணன். பாப்கார்ன் டப்பாவின் அடியைத் துழாவினார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பின்னும் துழாவினார்.

எழில் காபியோடு வந்ததும் படம் மறுபடி ஓடத் தொடங்கியது. கொட்டகையைப் பற்றி நினை, அதிலாவது பிசகு இருக்காது என்று அவள் தன்னைத் தானே பிடித்து இழுத்தாள். ஊரிலிருந்த கொட்டகை, இருட்டு, புழுக்கம், முழங்காலில் பாயின் கோடு பதிந்தது. கொட்டகையில் பாய் எது? தரை டிக்கெட் என்றால் மணல்தானே. வேப்பிலை வாசனை வந்தது, மாரியம்மன் கோயில் பக்கத்தில் இருந்ததால் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அந்தக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் மிளகாய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி, இந்தப் பக்கம் கிட்டங்கி, கோயில் எங்கே இருந்தது? கண்மேல் ஈரமாக ஏதோ ஒன்று இருந்தது. அதை ஏன் இத்தனை நாள் நினைக்கவில்லை? ஈரத்துணி. சொறியாதே, சொறியாதே என்று அம்மாவின் குரல், வாசல் நிலையில் வேப்பங்கொத்து, உடம்பெல்லாம் எரிச்சல், இமையில்கூடக் கொப்புளம். அம்மை. அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அன்றைக்குத்தான் அப்பா படத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார், அவர் சொன்னது உண்மை, அதில் சந்தேகமில்லை, ரோஸ் பாவாடைகூட எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பாவாடை அவளுடையது, அந்தச் சிறுமியுடையது இல்லை. பிறகு? பிறகு ரேடியோவின் கரகரப்பு. ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்கு வெட்டி, சத்தத்தை மட்டும். தெருவே அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இருமல் கேட்கிறது, முகம் இல்லை. அதனால்தான் சட்டை தேய்க்கிற காட்சி இல்லை, அதை ரேடியோவில் போட்டால் பெட்டி கெட்டுவிட்டது என்று தட்டியிருப்பார்கள். அவள் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. கொட்டகைக்குப் போனதே இல்லை. ஐம்பது வருஷமாகப் பார்க்காத ஒரு படத்தை உயர்த்திப் பிடித்து, பார்த்த படங்களையெல்லாம் குப்பை என்று தள்ளியிருக்கிறாள். கண்ணை மூடிக்கிட்டாலும் கதை புரியும்! திரையில் யாரோ அழுதார்கள், யார் என்று அவள் பார்க்கவில்லை.

சரி, கொட்டகை போகட்டும் என்றது மனசு, போனது போகட்டும், மடியில் வைத்துக்கொண்டாரே, காதில் கதை சொன்னாரே. அம்மை போட்ட பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவுக்குப் படம் சொன்னது அதைவிடப் பெரிதில்லையா? அந்தக் குரல் நிஜம். கரகரவென்று, சில இடத்தில் உடைந்து, ஆம்பிளைக் குரல், இப்ப டீச்சர் வர்றாங்க, மஞ்சச் சேலை கட்டியிருக்காங்க, குடை பச்சை. அவள் அந்தக் குரலுக்கு ஒரு முகம் வைக்கப் பார்த்தாள். வரவில்லை. எப்போதுமே வந்ததில்லை, இருட்டு என்பதால் என்று விட்டிருந்தாள். கூடவே அம்மா எப்போதோ அரிசி புடைத்துக்கொண்டே சொன்னது வந்து நின்றது. "உனக்கு அம்மை போட்டப்ப உங்கப்பா வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கல. தலைக்கு ஊத்தின பெறகுதான் வந்தாரு." அம்மாவுக்கு அவர்மேல் கோபம், எதையாவது சொல்லுவாள் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தாள். எட்டிப் பார்க்கவில்லை என்றால் மடி யாருடையது? வெளிச்சம் கண்ணைக் குத்துவதுபோல் இருந்தது, திரையும் மனிதர்களும் ஆபரேஷன் செய்த கண்ணும் எல்லாம் சேர்ந்து அவளை ஏமாற்றியதுபோல் இருந்தது. அவள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.

"என்ன மங்கா, கண்ணு வலிக்குதா?"

"ம்."

"தொறக்காத. மூடிக்கோ. நான் சொல்றேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. அண்ணன் சாய்ந்து அவள் காதருகே வந்தார். பீடியில் கரகரத்த குரல். பீடி பழகுவதற்கு முன்னால், பதின்மூன்று வயதில், மகரக்கட்டு உடைந்து பாதி ஆம்பிளையாகக் கரகரத்த குரல். "ஸ்டேஷன் வந்திருச்சு. டீச்சரம்மா ஒரு ஓரமா நிக்குது. புள்ள கையில குடை வச்சிருக்கு. இவன் பெட்டியக் கீழ வச்சுட்டு அதோட தலைய ஒதுக்கி விடுறான்." அந்த இழுப்பு, அந்த 'வச்சுட்டு', ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சு. அண்ணனுக்கு முந்தின வருஷமே அம்மை வந்து போயிருந்தது, அவனுக்கு மறுபடி வராது, அவன் மட்டும் பக்கத்தில் போகலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். படத்தை அவனும் பார்த்திருக்க மாட்டான். ரேடியோவைக் கேட்டுக்கொண்டே குதிரையையும் மாடிவீட்டையும் சேலையையும் அவனாகவே போட்டிருக்கிறான். அப்பா வரவில்லை என்று அவள் அழுதிருப்பாள், அதற்காக. ஒலிபெருக்கியில் கதாநாயகன், "வண்டி கிளம்பப்போகுது கண்ணு" என்றான். விசில் கேட்டது. அவள் கதையின் முடிவு இது, எல்லோருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த முடிவு, அப்பன் மகளையும் தூக்கிக்கொண்டு ரயிலேறுவான், ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மகள் சந்தோஷத்தில் "அப்பா!" என்று கத்துவாள். "வண்டி வந்து நிக்குது" என்றார் அண்ணன். "அவன் ஏறுறான்." பிறகு அவர் பேச்சு நின்றது. ஒலிபெருக்கியில் சிறுமி "அப்பா!" என்று கத்தினாள். ரயில் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. வலது பக்கத்தில் எழில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஏன் அழுகிறாள்? காதருகே அந்தச் சின்ன மூச்சு. "புள்ளையையும் தூக்கி ஏத்திக்கிட்டான். ரெண்டு பேரும் ஜன்னல் ஓரமா உக்காந்துட்டாங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். நடைமேடையில் சிறுமி தனியாக நின்றுகொண்டிருந்தாள். குடை தரையில் கிடந்தது. ரயில் போய்விட்டிருந்தது. அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுமியின்மேல் 'வணக்கம்' என்று எழுத்து வந்தது.

விளக்கு எரிந்தது. ஆட்கள் எழுந்தார்கள், சீட்டுகள் படபடவென்று மடங்கின. கைப்பைக்குள் போன் அதிரத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தாள், இல்லத்து நம்பர். அண்ணன் குனிந்து சீட்டுக்கு அடியில் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே, "எடு. கூட்டிட்டு வர்றேன்னு சொல்லு" என்றார். "நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கும் வருவேன், பயப்படாத. ஒரு தடவையாவது உன்னையப் படத்துக்குக் கூட்டிட்டுப் போன மனுஷன்."

போன் அவள் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, அந்தக் குடை என்ன கலரு?"

"பச்சை" என்றார் அண்ணன், குனிந்தபடியே.

"மாமா, அது பிளாக் அண்ட் வைட் படம் மாமா" என்று எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்கும் ஆபரேஷனா?"

செருப்பைத் துழாவிய கால் நின்றது. அண்ணன் நிமிரவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. கூட்டுகிற பெண் வாளியோடு வரிசைக்கு வந்து, இவர்கள் எழட்டும் என்று ஒதுங்கி நின்றாள். போன் மறுபடி அடித்தது. மங்கையர்க்கரசி எடுத்தாள். "ஆமா சார், நான்தான் பேசறேன். இல்ல சார், கூட்டிட்டுப் போறதப் பத்தி இப்பச் சொல்ல முடியாது. நாளைக்கு நான் வர்றேன். முதல்ல வந்து பாக்கணும்." வைத்துவிட்டாள். போனைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"அதென்ன, போய்ப் பாக்குறது?" என்றார் அண்ணன்.

"அவரையும் நான் பாத்ததே இல்லண்ணே."

அண்ணன் ஒரு வழியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, காலியான திரையை ஒரு தரம் பார்த்தார்.

"போய்ப் பாரு" என்றார். "அதுக்கெல்லாம் கலரு சொல்ல என்னால ஆகாது."